பன்னிரண்டுக்கு ஒன்று குறைவு

மலை ஒன்று, மலைக்குக் கீழே ரோடு ஒன்று, ரோட்டோரம் சௌந்தரம் மகால் என்று ஒரு கல்யாண மண்டபம். அந்த மண்டபத்தில் ஆனி வரைக்கும் மேளம் ஓயாது, ஆவணி பிறந்தால் மறுபடியும் ஓயாது, நடுவில் வரும் ஆடியில் மட்டும் முகூர்த்தம் இல்லாமல் நாற்காலிகள் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தூக்கத்துக்கு நடுவில்தான் மேனேஜர் பாண்டுரங்கன் அண்ணன் எங்களுக்கு வருஷாவருஷம் இரண்டு நாள் இடம் கொடுப்பார். நாங்கள் என்றால் படையாட்டக்காரர்கள் பதினாறு பேர்.

படையாட்டம் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வது வழக்கம். கட்டைவிரலின் முதல் கணு உயரத்துக்கு ஈயத்தில் வீரர்கள். பாளையக்காரர் காலத்து வேல்காரர்கள், துப்பாக்கிக்காரர்கள், குதிரைக்காரர்கள். கல்யாணப் பந்தி போடுகிற மேசைகளில் பச்சைத் துணியை விரித்து, பாத்திரம் தேய்க்கிற நாரைப் பிய்த்துப் புதராக வைத்து, நீல பாலிதீனை ஆறாக ஓடவிட்டு, தையல்காரர் டேப்பால் அளந்து அளந்து ஆட்களை நகர்த்தி, பகடை உருட்டி, பகடை விழச்சொன்னவர்களைப் பொறுக்கி ஓரத்தில் இருக்கும் எவர்சில்வர் தட்டில் படுக்கவைப்போம். சுற்று முடிந்ததும் தட்டில் கிடப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அடுத்த சுற்றில் மறுபடியும் விழுவார்கள். இதற்கு நட்புப் போட்டி என்று பெயர். ஜெயித்தவருக்கு ஒரு எவர்சில்வர் அண்டா கிடைக்கும், அந்த அண்டாவிலேயே அவர் எல்லாருக்கும் பாயசம் காய்ச்சி ஊற்ற வேண்டும்.

நடுவர் தெய்வநாயகம் சார், சர்வே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதிய விதிகள் முப்பத்தொன்று. இப்போதைக்கு அதில் இரண்டு போதும். ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் அது முழு அணி இல்லை, ஆற்றைத் தாண்ட அதற்கு உரிமை இல்லை. இது நான்காம் விதி. பெயிண்ட் அடிக்காத ஆள் மேசையில் நிற்கக் கூடாது, தலைப்பாகையில் என்ன நிறமோ அந்தப் பக்கத்து ஆள். இது பதினாலாம் விதி.

இந்தக் கதை நடந்த ஆடிக்கு மூன்று வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆடியில் நான் செய்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் சிவப்புப் படைக்கும் என் சிநேகிதன் ஹாஜாவின் பச்சைப் படைக்கும் அச்சு ஒன்றுதான். அவன் மாமாவின் பூட்டுப் பட்டறையில் பழைய ஈயத்தை உருக்கி நாங்கள் இருவரும் சேர்ந்து வார்த்தவை. போட்டிக்கு முந்தின நாள் எண்ணிப் பார்த்தால் என் வேல்காரர்களில் பதினோரு பேர்தான் இருந்தார்கள், பன்னிரண்டாமவன் எந்த வீட்டு மாற்றத்தில் தொலைந்தானோ. ஹாஜா தன்னிடம் உபரியாக இருந்த ஒரு பச்சைத் தலைப்பாகைக்காரனைத் தூக்கிக் கொடுத்தான். நான் பச்சைக்கு மேல் சிவப்பை அடித்தேன். மீசை பழசாகி அழிந்திருந்தது, அதையும் புதுசாக எழுதப் போனேன், இடது பக்கம் முடிந்ததுமே தூரிகை காய்ந்துவிட்டது. ஒற்றை மீசையோடு அவன் முன்வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றான். எங்கள் கூட்டத்தில் இது சகஜம், யாரைக் கேட்டாலும் ஒருதரமாவது செய்திருப்பார்கள்.

கதை நடந்த அந்த ஆடி இரண்டாம் சனிக்கிழமை, முதல் சுற்றில் முதல் பகடை உருளும் நேரத்துக்கு, பத்தரை மணி டவுன் பஸ்ஸில் அவர்கள் வந்து இறங்கினார்கள்.

முதலில் ஒரு முப்பது பேர், அடுத்த பஸ்ஸில் ஓர் இருபது பேர், அதற்கடுத்த பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்களோடு எத்தனை என்று எண்ண முடியாமல். ஒயர் கூடை வைத்திருந்தவர்களும், தூக்குவாளி வைத்திருந்தவர்களும், இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவர்களும், ஒன்றுமே இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தவர்களும் ஆடிக்காற்றில் சேலையையும் வேட்டியையும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் பாண்டுரங்கன் அண்ணனுக்குப் பழகிய வாய் பழகியதைக் கேட்டது.

"வாங்க வாங்க. பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பெரியவர், "நாங்க பச்சைங்க," என்றார். பின்னால் நின்றவர்கள், "நாங்க செவப்பு," என்றார்கள். அண்ணன் ஒரு நொடி யோசித்துவிட்டு, பச்சையை மாப்பிள்ளை வீட்டு வரிசையிலும் சிவப்பைப் பெண் வீட்டு வரிசையிலும் உட்காரச் சொல்லி, சந்தனமும் கற்கண்டும் எடுத்துவர உள்ளே போனார்.

அவர்கள் உட்காரவில்லை. நேராக மேசைகளுக்கு வந்து, வரிசையாக நிற்கும் ஒரே அச்சில் வார்த்த ஒரே முகத்து ஆட்களில், கொஞ்சமும் தடுமாறாமல் அவரவர் ஆளுக்கு எதிரே போய் நின்றார்கள். ஒரு கிழவர் என் துப்பாக்கிக்காரர்களில் நாலாமவனைக் குனிந்து பார்த்து, "இளைச்சுட்டான்," என்றார். உயரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திருச்சியில் இருந்து வந்திருந்த பல் டாக்டரின் கம்பெனிப் படைக்கு ஒரே ஒரு வெள்ளைக்கார அம்மாள் குடையோடு வந்து, முரசடிப்பவனுக்கு முன்னால் நின்றாள். சமையல்கார அக்கா அவளுக்குக் காபி கொடுத்துத் தமிழில் ஏதோ கேட்க, அவள் தன் பாஷையில் ஏதோ சொல்ல, இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இது எப்படி, இது ஏன் என்று ஆராய எங்களில் யாருக்கும் நேரம் இல்லை, ரசத்துக்குத் தண்ணீர் கூட்ட வேண்டியிருந்தது. தெய்வநாயகம் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முப்பத்திரண்டாவது விதியை அங்கேயே நின்று எழுதினார். வந்திருக்கும் உறவுக்காரர்கள் ஆட்களையும் பகடையையும் தொடக் கூடாது. அழலாம், ஆனால் ஆட்டக்காரர் டேப் பிடித்து அளக்கும்போது அழக் கூடாது.

அழாமல் இருப்பார்களா. முதல் பகடையில் ஹாஜாவின் மூன்று வேல்காரர்கள் விழுந்தார்கள், அவன் அவர்களைப் பொறுக்கி 'ணங்'கென்று தட்டில் போட்டான், அந்தச் சத்தத்துக்குப் பச்சைப் பக்கத்தில் மூன்று குடும்பங்கள் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தன. அன்றிலிருந்து நாங்கள் தட்டில் துணி விரித்து வைத்திருக்கிறோம். சுற்று முடிந்து ஹாஜா அவர்களை எடுத்து மறுபடியும் நிறுத்தியதும் அழுகை நடுவில் அறுந்துபோனது. சாவும் இல்லை, சாவு இல்லாமலும் இல்லை. ஒருத்தி அவிழ்த்த கொண்டையை முடிவதா விடுவதா என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். துண்டைத் தலையில் போட்டிருந்த பெரியவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, இப்ப அழணுமா, வேண்டாமா?"

"தெரியலைங்கய்யா."

"நீங்கதானே நடத்துறீங்க?"

"ஆமாங்கய்யா. ஆனா தெரியலை."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார், மறுபடியும் எடுத்துத் தலையில் போட்டார், கடைசியில் இரண்டுக்கும் நடுவில் கழுத்தில் சுற்றிக்கொண்டு போனார். இரண்டாம் சுற்றில் அவர்களுக்குப் பழகிவிட்டது. விழுந்தால் அழுதார்கள், எழுந்தால் மூக்கைச் சிந்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சிவப்பும் பச்சையும் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்து, இலைக்கு இலை எட்டிப் பார்த்து, அவர்கள் பக்கம் அப்பளம் இரண்டு போட்டார்கள் எங்களுக்கு ஒன்றுதான் போட்டீர்கள் என்று ஒரு சின்னச் சண்டையும் போட்டார்கள். பாண்டுரங்கன் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு களை. "ஆடியில எம்மண்டபம் நெறைஞ்சு பார்த்ததே இல்லை," என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில்தான் சிலம்பாயி அம்மாவைப் பார்த்தேன். குள்ளமான மனுஷி, பச்சைப் பக்கம். குழாயைத் திறந்துவிட்டு, கை நனைக்காமல் எனக்காகக் காத்திருந்தார்.

"தம்பி, செவப்புக்குப் பெரியவர் நீங்கதானா?"

"ஆமாங்கம்மா."

"முன்வரிசையில மூணாவது ஆளு. ஒத்தை மீசை."

"ஆமாங்கம்மா."

"எம் மகன். சின்னாண்டி. பச்சையில முன்வரிசையில நிக்கிறானே பெரியாண்டி, அவன் மூத்தவன்."

நான் குழாயை மூடினேன்.

"மூணு வருசத்துக்கு முந்தி இதே ஆடி. காலையில எந்திரிச்சுப் பாத்தா படுத்த பாய் கெடக்கு, ஆளைக் காணோம். சாயங்காலம் ஆத்துக்கு அந்தப் பக்கம், தலையில செவப்பைக் கட்டிக்கிட்டு, வேலைப் புடிச்சுக்கிட்டு எங்களைப் பாக்க நிக்கிறான். கூப்பிட்டேன். மூஞ்சி திரும்பல." அவர் முந்தானையால் ஈரமில்லாத கையைத் துடைத்தார். "மொத நாளு களி கொழைஞ்சிருச்சுன்னு சொன்னான். புடிக்கலைன்னா வேற வீட்ல போய்த் தின்னுடான்னு சொன்னேன். வெளையாட்டுக்குத்தான். அதா இருக்குமா? இல்லை, மூத்தவனுக்கு மொதல்ல போட்டேனே, அதா? ஒவ்வொரு வார்த்தையா எடுத்து எடுத்துப் பாத்துட்டேன். எதுன்னு புடிபடல. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா தம்பி?"

 நான் மூடியிருந்த குழாயை மறுபடியும் இறுக்கி மூடினேன்.

"சரி விடுங்க," என்றார் அவர். "அவங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் வராமப் பாத்துக்குங்க. அது போதும் எனக்கு."

"நாளைக்கு யாரோட யாருன்னு இன்னும் முடிவாகலைங்கம்மா."

"முடிவாயிரும். நீங்களும் ஜெயிப்பீங்க, அந்தத் தம்பியும் ஜெயிப்பாரு. நான் ரெண்டு மேசையையும்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் போனதும் தூணுக்குப் பின்னால் இருந்து இன்னொருத்தி வந்தாள். இளவயசு, சிவப்புப் பக்கம், பெயர் காத்தாயி. "அத்தை என்ன கேட்டாங்க?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். "போன வருசம் ஆனியில எனக்கும் அவங்க சின்ன மகனுக்கும் கல்யாணம். ஆடி பொறந்ததும் பிரிச்சு வைக்கணும்னு என்னைய எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு அவரு இங்க வந்தாரு. ஆவணி வந்துச்சு, அவரு வரல. ஐப்பசி வந்துச்சு, தையும் வந்துச்சு. அவரு செவப்புத்தாண்ணே. பச்சைன்னு யாரு சொன்னாலும் நம்பிராதீங்க."

அதற்கு முந்தின ஆடியில் போட்டி முடிந்த கையோடு, ஹாஜா எனக்குப் பரிசாகக் கொடுத்த மாம்பழ வடிவப் பூட்டை மாட்டி, என் படைப்பெட்டியை அலமாரியில் வைத்தவன் நான். இந்தப் போட்டிக்குத்தான் திறந்தேன்.

ஹாஜாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். 

"மாப்ள, நீ பெயிண்ட் அடிச்சதாலே அவன் போனானா, அவன் போகப்போறான்னு நீ அடிச்சியா?"

"தெரியலைடா."

"நான் குடுத்தேன், நீ அடிச்ச. அந்தம்மாகிட்டச் சொல்லிருவோம்."

"என்னான்னு சொல்ல? பன்னெண்டுக்கு ஒண்ணு கொறைஞ்சுச்சுன்னா?"

"அதானேடா நெசம்."

அதுதான் நிஜம், ஆனால் மூன்று வருஷம் ஒரு மனுஷி வார்த்தை வார்த்தையாகப் பிரித்து அலசியதற்கு முன்னால் வைக்க அது மிகவும் சின்னதாக இருந்தது. நான் சொல்லவில்லை.

அன்று ராத்திரி சிவப்பு மணமகள் அறையிலும் பச்சை மணமகன் அறையிலும் படுத்தது. ஞாயிறு காலையில் சிலம்பாயி அம்மா சொன்னபடியே நானும் ஹாஜாவும் கடைசிச் சுற்றுக்கு வந்து நின்றோம். தெய்வநாயகம் சார் சீட்டுக் குலுக்கி எடுத்தார், ஆற்றுப்போர் என்று வந்தது. ஆற்றில் இரண்டு துறைகள், மேலத்துறை, கீழத்துறை. எந்த அணி எந்தத் துறையில் நிற்கும் என்று இருவரும் தனித்தனியாக எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. கொடுத்த பிறகு மாற்றக் கூடாது.

இத்தனை வருஷமும் ஆற்றுப்போர் என்றால் என் வேல்காரர்கள் மேலத்துறையில்தான் நிற்பார்கள், ஹாஜாவின் வேல்காரர்களும் மேலத்துறையில்தான். எங்கள் இருவரையும் தெரிந்த எவருக்கும் இது தெரியும். அதனால் நான் நன்றாக யோசித்து, என் வேல்காரர்களைக் கீழத்துறை என்று எழுதினேன். உறையை ஒட்டும்போது ஒரு நிம்மதி வந்தது. நிமிர்ந்து பார்த்தேன், எதிரே ஹாஜாவும் நிம்மதியாக உறையை ஒட்டிக்கொண்டிருந்தான்.

தெய்வநாயகம் சார் உறைகளைக் கிழித்துச் சத்தமாகப் படித்தார். "சிவப்பு வேல்காரர், கீழத்துறை. பச்சை வேல்காரர், கீழத்துறை."

"ஏண்டா?" என்றேன்.

"நீ மேலத்துறையிலதானேடா வைப்ப?" என்றான் ஹாஜா. 

ஆற்றுக்கு இந்தப் பக்கம் சின்னாண்டி, அந்தப் பக்கம் பெரியாண்டி. ஒரே அச்சு, ஒரே முகம், ஒருவனுக்கு மட்டும் மீசை பாதி. துறையில் நிற்கும் அணி ஒவ்வொரு முறையும் ஒரு சாண் முன்னேறியாக வேண்டும், சும்மா நின்று நேரம் கடத்திய ஒருவருக்காகச் சார் எந்தக் காலத்திலோ எழுதிய விதி அது. முதல் முறையில் ஒரு சாண், இரண்டாம் முறையில் ஒரு சாண்.  சிவப்பும் பச்சையும் தத்தம் வரிசையை மறந்து, மேசையைச் சுற்றி ஒரே கூட்டமாக நின்றன. மூன்றாம் முறையில் நீல பாலிதீனுக்கு நடுவில் இரண்டு வேல்முனைகளுக்கும் இடையே ஒரு விரற்கடை இருந்தது. பகடை என் கையில். உருட்ட வேண்டியது நான்.

எதிரே சிலம்பாயி அம்மா நின்றார். அவர் அழவில்லை, வேண்டவில்லை, வாய் மட்டும் அசைந்தது. மறுபடியும் வார்த்தைகளை எடுத்து எடுத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. களி குழைந்த வார்த்தை, முதலில் சோறு போட்ட வார்த்தை, அதற்கு முந்தைய வார்த்தை, அதற்கும் முந்தையது.

நான் பகடையைக் கீழே வைத்தேன்.

"அம்மா, நீங்க ஒண்ணும் சொல்லலை," என்றேன். "உங்க வார்த்தை எதுவும் இல்லை. எனக்குப் பன்னிரண்டு பேர் வேணும், பதினோரு பேர்தான் இருந்தாங்க. ஒண்ணு கொறைஞ்சுச்சு. பச்சையில ஒருத்தரை வாங்கிச் செவப்பு அடிச்சேன். நான்தான் அடிச்சேன்."

"நான் குடுத்தேன்," என்றான் ஹாஜா.

சிலம்பாயி அம்மா என்னைப் பார்த்தார், ஹாஜாவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"எம்மேல கோவமில்லையா அவனுக்கு?"

"இல்லைங்கம்மா."

"ஒண்ணு கொறைஞ்சுச்சுன்னா?"

"ஆமாங்கம்மா."

"கொறைஞ்சாக் கொறையட்டும்னு விடக்கூடாதாய்யா?"

அவர் திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். முப்பத்திரண்டு விதிகளில் எதிலும் அது எழுதியிருக்கவில்லை.

நான் சின்னாண்டியை எடுத்தேன். பெயிண்ட் பெட்டியில் இருந்து தின்னர் புட்டியைத் திறந்து, துணி நுனியை நனைத்து, அவன் தலையில் வைத்துத் தேய்த்தேன். சிவப்பு துணியில் இறங்கியது. அதற்கடியில் பச்சை. பழைய பச்சை, ஹாஜா வீட்டுப் பச்சை, அன்று அடித்த மாதிரியே பளபளத்தது. சிலம்பாயி அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பச்சைப் பக்கத்தில் யாரோ குலவையிட ஆரம்பித்தார்கள்.

"வேணாண்ணே!" காத்தாயி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "பச்சையாக்கிறாதீங்க. அங்கன போய் நின்னா எதுத்தாப்புல யாரு? எங்கண்ணன் நிக்கிறான், எஞ்சித்தப்பன் நிக்கிறான். ஒரே சட்டியில கஞ்சி குடிச்சவங்க. அவங்க மேல வேலை நீட்டவா? இந்தக் கொடுமையை மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்கவா?"

குலவை பாதியில் நின்றது. சிலம்பாயி அம்மா மருமகளை அப்போதுதான் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காத்தாயி மாமியாரைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். பச்சை என்றால் இவள் பக்கத்து ரத்தம், சிவப்பு என்றால் அவர் பக்கத்து ரத்தம், தின்னர் வாசனையில் எனக்குத் தலை சுற்றியது, எது சரி என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. கை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தது.

பச்சையும் போனது. அடியில் ஈயம், மழைக்கு முந்தைய வானத்தின் நிறம். அது எந்தப் பக்கத்து நிறமும் இல்லை.

"சார்," என்றேன்.

தெய்வநாயகம் சார் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, குனிந்து, சின்னாண்டியின் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நில அளவையில் எல்லைக்கல்லைப் பார்த்த கண்.

"தலைப்பாகையில நெறம் இல்லை," என்றார். "பதினாலாம் விதி. இந்த ஆள் மேசையில நிக்கக் கூடாது."

"அப்ப எந்தப் பக்கம் சார்?"

"எந்தப் பக்கமும் இல்லைப்பா. எடுத்துரு."

எடுத்துவிட்டேன், ஆனால் எங்கே வைப்பது? பழக்கத்தில் கை தட்டுப் பக்கம் போனது. "அதுல வைக்காதீங்க!" என்று மாமியாரும் மருமகளும் ஒரே குரலில் கத்தினார்கள். மேசையில் இல்லை, தட்டில் இல்லை, பெட்டி என்றால் அதற்குப் பூட்டு உண்டு. கடைசியில் நான் அவனைக் காத்தாயியிடம் நீட்டினேன். தொடக் கூடாது என்ற விதியை நினைத்து அவள் சாரைப் பார்த்தாள்.

"அது ஆட்டத்துல இருக்கிற ஆளுக்கு எழுதினது," என்றார் சார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

காத்தாயி இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கியதைச் சிலம்பாயி அம்மாவிடம் ஒருமுறை கொடுத்தாள். அவர் அந்தப் பாதி மீசையைச் சுண்டுவிரலால் தடவிவிட்டு, "களி கொழையாமக் கிண்டிப் போடு," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். காத்தாயி முந்தானையில் வைத்து முடிந்துகொண்டாள்.

ஆட்டம் நடந்தது. ஆட்டம் என்றால் முடித்தாக வேண்டுமே. விழுந்தவர்கள் அணிக் கணக்கில் உண்டு, இல்லாதவர்கள் கணக்கில் இல்லை என்பதால் என் பதினோரு பேரும் ஆற்றைத் தாண்ட முடியாமல் துறையிலேயே நின்றார்கள், ஹாஜா மேலத்துறை வழியாக வந்து என் கொடியைப் பிடித்தான். அந்தக் கலவரத்தில் பெரியாண்டியும் விழுந்தான். ஹாஜா அவனைத் துணி விரித்த தட்டில் பூப்போல வைத்துவிட்டுப் பயந்து போய் நிமிர்ந்தான். சிலம்பாயி அம்மா அழவில்லை.

"இவன் எந்திரிச்சுருவான் தம்பி, ஒங்க பாயசம் காயறதுக்குள்ள," என்றார். "பெயிண்ட் அடிச்சுட்டாத்தான் எந்திரிக்க முடியாது."

சாயங்காலம் காற்று புழுதியை வாரிக்கொண்டு வர, அவரவர் பஸ்ஸுக்கு அவரவர் நின்றார்கள். பச்சைக்குக் கிழக்கே போகிற பஸ், சிவப்புக்கு மேற்கே போகிற பஸ். "ஆடி முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒரு நடை வந்துட்டுப் போங்க," என்று ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து சிலம்பாயி அம்மா குரல் கொடுத்தார். "வர்றோம் அத்தை," என்று இந்தப் பக்கத்தில் இருந்து காத்தாயி சொன்னாள். மேற்கே போகிற பஸ் வந்தது. அவள் ஏறி, ஜன்னலோரத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்தில் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்தார், அவளைப் பார்த்தார், ஜன்னலோரத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஸீட்டுக்குப் போனார்.

பிறகு ஒரு வருஷம் போனது. நான் பெட்டியைப் பூட்டவில்லை. பெட்டிக்குள் தெர்மாகோலில் வேல்காரர்களுக்குப் பன்னிரண்டு குழிகள், ஒன்று காலி.

இந்த ஆடியில் பெயர் கொடுக்கும் மேசையில் தெய்வநாயகம் சார் என் வேல்காரர்களை எண்ணி, பேனாவை நிறுத்தி, "பதினொண்ணா?" என்றார். பின்னால் நின்ற ஹாஜா சட்டைப் பைக்குள் கை விட்டான்.

"மாப்ள, புதுசா வார்த்தது ஒண்ணு இருக்கு. பெயிண்ட்கூட அடிக்கலை. தரட்டுமா?"

"வேணாம்டா," என்றேன். "கொறையட்டும்."

சார் பதினொன்று என்று எழுதினார். எழுதி முடிக்கவும் பத்தரை மணி பஸ் வந்து நின்றது. ஒயர் கூடைகளும் தூக்குவாளிகளும் இறங்கின, போன வருஷம் அப்பளத்துக்குச் சண்டை போட்டவர்கள் ஒரே கும்பலாக இறங்கினார்கள், கடைசியில் காத்தாயி இறங்கினாள், அவள் பின்னால் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு ஒருவன் இறங்கினான். தலையில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. மீசை இடது பக்கம் முழுசாக இருந்தது, வலது பக்கம் இப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்தது. பாண்டுரங்கன் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றார்.

"வாங்க வாங்க. செவப்பா, பச்சையா?"

அவன் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினான். வெறும் தலையைத் தடவிப் பார்த்தான். காத்தாயியைப் பார்த்தான், உள்ளே நிற்கும் மேசைகளைப் பார்த்தான்.

"சும்மா பாக்க வந்தோம்ணே," என்றான்.

அவனை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியாமல் அண்ணன் வெகுநேரம் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.